உம்மாமாரின் பட்டியல்

நான் கிளாக்கராக இருந்த அரிசி மில்லின் பொயிலரில் வெல்டிங் வைத்த மூன்று ஒட்டுகள் இருந்தன. இரண்டு அதன் வயிற்றில், ஒன்று நீராவி வெளியே போகும் குழாயின் கழுத்தில். வயிற்றில் இருந்தவை பழையவை, கறுத்து இரும்போடு இரும்பாகிப் போனவை. கழுத்தில் இருந்ததுதான் புதியது. காலையில் உமி போட்டு நெருப்பு மூட்டியதும் பொயிலர்க்காரக் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) அந்த ஒட்டுக்கு நேரே காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பிஸ்மி சொல்லி வால்வைத் திறப்பார். அவர் திறந்து முடிக்கும் வரை மேசையில் இருக்கும் என் பேனை ஒரு சொல்லும் எழுதாது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மில் கல்முனைக்குத் தெற்கே, மாவடிப்பள்ளிப் பக்கம் திரும்பும் பாதையில், கடலுக்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்தபடி நின்றது. எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். வாப்பா பெருவிரலை மையில் தொட்டு வைப்பவர். ஆண்டில் பாதி நாள் வயல் வாடிக் குடிசையிலேயே கிடப்பார். உம்மா இந்த மில்லின் களத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் நெல் காயவைத்தவர். நான் பரீட்சையில் தேறியும் சர்க்கார் உத்தியோகம் ஒன்றும் கிடைக்காமல் சும்மா திரிந்தபோது, முதலாளியான ஹாஜியாரிடம் போய், “எண்ட மகனுக்கு எழுத்து வேல ஒண்டு குடுங்க” என்று கேட்டதும் உம்மாதான்.

தொழில் கந்தோர் என்ற அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த நாளில் ஹாஜியார் அதைப் பிரிக்காமலே என் மேசையில் போட்டார்.

“படிச்சவன் நீ. என்ன செல்லுறானுகள் எண்டு பாரு.”

மூன்று பக்கம். தமிழ்ப் பிரதி கார்பன் தாளில் அடித்தது, பாதி எழுத்து தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தேன். விதிகள் மாறியிருந்தன. இனிமேல் மில், தறி, பட்டறை போன்ற சின்ன இடங்களும் தங்கள் ஆட்களைப் பதிய வேண்டும். வேலையில் காயப்பட்டால், ஆஸ்பத்திரியில் படுத்தால், அதற்கு முதலாளி பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தானே சுமக்கலாம், அல்லது ஆட்களின் பெயரில் இன்ஷுரன்ஸ் எடுக்கலாம். எதுவானாலும் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டும்.

ஹாஜியார் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “ஆருக்கும் வருத்தம் எண்டா நான் துண்டு எழுதித்தானே குடுக்கிறன்?”

அது உண்மை. காய்ச்சல், பாம்புக்கடி, பிள்ளைப்பேறு எதுவானாலும் ஹாஜியார் சிகரட் பெட்டியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் “இவரைப் பார்க்கவும்” என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். பஸாரில் இருந்த தனியார் டொக்டர் அந்தத் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பார். மாதம் முடிய ஹாஜியார் போய்க் கணக்கைத் தீர்ப்பார். ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் அவர் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில் துண்டும் இல்லை. அப்படி ஒரு நாளில் மூட்டை விழுந்து கால் முறிந்த ஒருவர் இரண்டு நாள் வீட்டிலேயே எண்ணெய் போட்டுப் படுத்திருந்தார். அவருடைய கால் பிறகு நேராகவில்லை. மில் வாசலில் அவர் உட்கார்ந்து பீடி விற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நான் உள்ளே போவேன்.

ஆகவே இன்ஷுரன்ஸ் எடுக்க வேண்டும் என்று நான் விடாமல் நின்றேன். அது எனக்கு ஒரு பெரிய காரியமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு ஏதோ ஒரு பயன் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஹாஜியார் முதலில் மௌலவியிடம் போய்க் கேட்டார். வந்து சொன்னார்: “உசிருக்கு விலை போடுற இன்ஷுரன்ஸ் எடுக்கப் பயப்படுங்க எண்டார். அரசாங்கம் கட்டாயப்படுத்தினா, வேல செய்யிறவன்ட வருத்தத்துக்கும் காயத்துக்கும் மட்டும் எண்டா, அது உங்கட பாவத்தில வராது எண்டார். உசிரு போனாத் தர்ற மவுத்துக் காசு பகுதிய வெட்டிப் போட்டுத்தான் எடுக்கணும். அது ஏலுமா எண்டு கேளு.”

கேட்டேன். ஏலும் என்றார்கள் இன்ஷுரன்ஸ்காரர்கள். சட்டம் மாறித் தனியார் கொம்பனிகளும் இந்த வியாபாரத்துக்குள் வந்திருந்த காலம். ஒரு புதுக் கொம்பனியின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தான். கட்டணம் குறைவு. ஆனால் பொயிலரை இஞ்சினியர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்த சான்றிதழ் வேண்டும் என்றான். ஹாஜியார் அவனுக்குப் பால் விடாத பிளேன்டி கொடுத்து, நல்லபடியாகக் கதைத்து, அனுப்பிவிட்டார்.

“பொயிலரப் பாக்க ஒருத்தன் வந்தா மில்ல மூணு மாசம் மூடச் செல்லுவான். பெரும்போக நெல்லு முழுக்க வெளியில கிடந்து முளைக்கும். ஆர்ர அப்பன் பதில் செல்லுவான்?”

அரசாங்கத்தின் பழைய இன்ஷுரன்ஸ் கூட்டுத்தாபனத்தின் ஏஜென்ட் காரைதீவைச் சேர்ந்தவர். முன்பு வாத்தியாராக இருந்தவர், கறுப்புக் குடையும் தோல் பையும் கொண்டு பஸ்ஸில் வருவார். அவர் பொயிலரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலைத்தான் கேட்டார்.

“ஒண்டு சொல்லுறன் தம்பி, கவனமாக் கேளுங்க. எங்களுக்கு மெசின் முக்கியமில்ல, ஆள்தான். பட்டியல்ல யார்ர பேர் இருக்கோ அவருக்குத்தான். அவர்ர பிள்ளைக்கில்ல, தம்பிக்கில்ல. வேலைக்கு யார் நிக்கிறாரோ அவர்ர பேர் எழுதணும். விளங்கிச்சா?”

“விளங்கிச்சு ஐயா.”

அந்த வசனம் படிவத்தின் பின்பக்கத்திலும் சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டேன்.

களத்து வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஊறிய நெல்லைப் பெரிய பீப்பாய்களில் கொட்டி, பொயிலரின் நீராவியில் அவித்து, சீமெந்துக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் காயவைப்பது பெண்களின் வேலை. களத்தில் பதினெட்டு இடங்கள் இருந்தன. இடம் என்பது ஆள் அல்ல, ஒரு வீட்டின் உரிமை. எங்கள் உம்மாவுக்கு ஓர் இடம். உம்மாவுக்கு ஏலாத நாளில் மகள் போகலாம், மகளுக்கு ஏலாவிட்டால் உம்மாவின் தங்கச்சியான சாச்சி போகலாம். ஹாஜியார் கேட்கமாட்டார். சம்பளம் அந்த இடத்துக்கு, வாரக் கடைசியில் உம்மாவின் கையில். அந்த வருடங்களில் உம்மாமாருக்கு முழங்காலும் இடுப்பும் போய்விட்டிருந்ததால், களத்தில் நின்றவர்கள் எல்லோரும் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என் தங்கச்சி.

தேத்தண்ணி நேரத்தில் கொப்பியோடு களத்துக்குப் போனேன். தூசுக்காக முகத்தை முக்காட்டால் சுற்றிக் கட்டியிருந்தார்கள், கண் மட்டும் தெரிந்தது.

“எல்லாரும் பேரும் வயசும் செல்லுங்க” என்றேன்.

“பேரும் வயசுமா? கிளாக்கர் மாப்பிள்ளை பாக்கிறாரு கா” என்று ஒருத்தி சொன்னாள்.

“ஆருக்கு? அவருக்குத்தான் முதல் பொண்ணு தேடணும். அந்த மூக்குக் கண்ணாடிக்கு ஆரு கழுத்த நீட்டுற?”

சிரிப்பு அடங்கப் பார்த்து நின்றேன். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

“காக்கா, எண்ட பேர எழுதாத. உம்மாக்கிட்டக் கேளு” என்றாள் மெல்ல.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வேலி வாசலில் நாலைந்து உம்மாமார் வந்து நின்றார்கள். மற்றவர்களுக்காகவும் அவர்கள்தான் பேசினார்கள். முன்னால் நின்றவர் எங்களுக்குத் தூரத்து மாமி.

“மனே, எங்கட புள்ளையள்ட பேரக் கடுதாசியில ஏத்திப் போடாத. கந்தோரு, கொம்பனி எண்டு அது எங்கெங்கயோ போகும். நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டான் கேட்டா, பொண்ணு மில்லுல நெல்லவிச்சது எண்டு அரசாங்கக் கடுதாசியே செல்லும்.”

“மாமி, வேல செய்யிறவங்கட பேருதான் எழுதணும். அப்படித்தான் சட்டம்.”

“இடம் ஆர்ரது? எண்டது. எண்ட பேர எழுது. நான் இன்னும் மவுத்தாகல்லயே.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வேலியோரம் நின்று முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிந்தவூரிலிருந்து தங்கச்சிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, வீட்டோடு இருந்து தைக்கிறாள் என்று சொல்லியிருந்தோம். நானும்தான் சொன்னேன்.

“உம்மாட பேர எழுது மகன்” என்றார் உம்மா, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல். “நாலு நாள் போனா அவள் களத்துக்குப் போகவே மாட்டாள். மறுகா அந்தப் பேருதான் சரியாகும்.”

அன்றிரவு அல்ல, அடுத்த நாள் காலையில், எல்லோரும் பார்க்க, மேசையில் வைத்து எழுதினேன். ஆண்களின் பெயர்கள் வேறு தாளில்; களத்துத் தாளில் பதினெட்டு உம்மாமாரின் பெயர்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று வாத்தியார்மார் சொல்வார்கள். வரிசை பிசகாமல், ஒரு வெட்டும் இல்லாமல் எழுதினேன். படிவம் போகும் முன் அந்தப் பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தேன்.

காரைதீவு ஏஜென்ட் பட்டியலை மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தார்.

“நாப்பத்தாறு, அம்பது, நாப்பத்தெட்டு... இளசு ஒண்டும் இல்லையா தம்பி?”

“இல்ல ஐயா.”

அவர் கண்ணாடியை ஏற்றிக் களத்தைப் பார்த்தார். முகம் மூடிய பதினெட்டுப் பேர் வெயிலில் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார்கள். ஒருத்தி குனிந்து எழும்பிய வேகத்தை அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்து வைத்தார். வாத்தியாராக இருந்தவர், படித்த பெடியனின் சொல்லை நம்பினாரோ என்னவோ.

அந்த மாரிக்காலத்தில் மழை விட்டு விட்டுப் பெய்தபடியே இருந்தது. உமி நனைந்து போனதால் நெருப்பு ஒரு நேரம் தூங்கும், ஒரு நேரம் கண்டபடி எரியும். அழுத்தம் காட்டும் முள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பொயிலர்க்காரக் காக்கா காலையில் ஒட்டுக்கு நேரே நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “இஞ்ச வா தம்பி. காதக் குடு.”

கொடுத்தேன். குழாய்க்குள் ஏதோ மெல்லிய சத்தம், பல்லிடுக்கால் காற்றை இழுப்பது போல.

“போன மாசம் இது இல்ல” என்றார். “கதைக்கத் தொடங்கிற்று.”

“ஹாஜியாருக்குச் சொன்னீங்களா காக்கா?”

“சொன்னன். இந்த அறுவடை நெல்லு முடியட்டும் எண்டார். நீ படிச்சவன்தானே, நீ ஒருக்காச் செல்லிப் பாரு.”

சொன்னேன். ஹாஜியார் கோபிக்கவில்லை. கவலையோடுதான் கேட்டார். வெல்டிங் செய்யும் ஒட்டுக்காரப் பாஸ் அக்கரைப்பற்றிலிருந்து வர வேண்டும், நாட்டில் நடக்கும் சண்டையால் பாதை திறந்தும் மூடியும் கிடக்கிறது, வரும் கிழமை பார்ப்போம் என்றார். பிறகு, “அதுதான் இப்ப இன்ஷுரன்ஸ் இரிக்கே” என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். பட்டியலில் நான் எழுதிய பதினெட்டுப் பெயர்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் தங்கச்சியைப் போகாதே என்றேன். நிந்தவூர் ஆட்கள் பார்க்க வரப்போகிறார்கள், வெயிலில் கறுத்துப்போவாய் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உம்மா இரண்டு நாள் தானே போனார். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கி எழும்ப ஏலாமல் கிடந்தார். இடத்துக்கு ஒரு நாள் ஆள் போகாவிட்டால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தங்கச்சி முக்காட்டைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். மழை விட்டிருந்தது. பாதையோர வாய்க்கால் நிறைந்து ஓடியது. 

காலை பத்து மணி இருக்கும். நான் லொறிக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். வெடித்த சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. துணி கிழிவது போல நீளமாக ஒரு சீறல், அவ்வளவுதான். பிறகு மெசின் நின்றுவிட்டது. அந்த மில்லில் பகல் நேரத்தில் அப்படி ஓர் அமைதியை நான் முன்பு கேட்டதில்லை. வெள்ளையாக நீராவி களம் வரை பரவி வந்தது. அதற்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வெளியே ஓடி வந்தார்கள். நான் எண்ணினேன். பதினேழு பேர்.

பொயிலர்க்காரக் காக்கா உள்ளே புகுந்து வால்வை மூடினார். அவருடைய கையும் வெந்திருந்தது. பீப்பாய்க்குப் பக்கத்தில் தங்கச்சி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தின் வலது பக்கமும் தோளும் கையும் வெந்திருந்தன. முக்காடு தோலோடு ஒட்டியிருந்தது. ஊறல் தொட்டித் தண்ணீரை அவள்மேல் ஊற்றினோம்.  “காக்கா, உம்மாக்குச் செல்லாத” என்றாள்.

ஹாஜியாரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தூக்குப் படுக்கையில் அவளை உள்ளே எடுத்துப் போக, நான் அனுமதி எழுதும் ஜன்னலில் நின்றேன். உள்ளே இருந்தவர் பேனையைத் திறந்தார்.

“பேர்?”

எனக்குப் பின்னால் ஹாஜியார் வந்து நின்றார். அவர் வாங்கும் மூச்சு என் தோளில் பட்டது. கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டி வரும், தோல் வைத்துத் தைக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று டொக்டர் ஒருவர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். ஹாஜியாரின் மில்லும் இனி எத்தனை மாதம் மூடிக் கிடக்குமோ. அவர் என் காதோடு சொன்னார், கட்டளை போல அல்ல, கெஞ்சுவது போல:

“பட்டியல்ல உள்ள பேரச் செல்லு மகன்.”

நான் உம்மாவின் பெயரைச் சொன்னேன்.

“வயசு?”

“நாப்பத்தாறு.”

அவர் எழுதினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குக் காவல் நிற்க வேண்டும் என்பதை அன்று மத்தியானத்துக்குள் கண்டேன். உம்மா நொண்டி நொண்டிப் பாதைக்கு வந்துவிட்டார் என்று ஓர் ஆள் வந்து சொன்னார். ஹாஜியார் காரை அனுப்பி உம்மாவைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். ஆஸ்பத்திரியில் உம்மாவைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்; அங்கே ஒரு பெயருக்கு இரண்டு பேர் இருக்கக் கூடாது. மகள் வெந்து கிடக்க, உம்மா எங்கள் வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். அடுத்த வீட்டுக்காரிகள் கேட்டால், உம்மாதான் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லும்படி சாச்சியிடம் சொல்லியிருந்தோம்.

எனக்கு வெளியே பாமசியில் மருந்து வாங்கும் வேலை. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் ஆஸ்பத்திரி வாட்டுக்குத் திரும்பினேன். தங்கச்சி கண்ணை மூடிக் கிடந்தாள். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய, நோயாளியின் விவரம் எழுதும் டிக்கட்டோடு இன்னொரு பழைய அட்டை ஊசியால் குத்தியிருந்தது. மஞ்சளான, மூலை மடிந்த அட்டை. எனக்கு அது என்ன என்று உடனே பிடிபடவில்லை. பெயரையும் ஊரையும் வைத்துப் பழைய கோப்பில் தேடியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் உம்மா காலில் புண்ணோடு படுத்திருந்த அட்டை அது.

மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒரு தட்டில் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“என்ன ஊசி மிஸ்ஸி?” என்று கேட்டேன்.

“பெனிசிலின். சீழ் பிடிக்காம இருக்கத்தான்.”

அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய் விழுந்தது. நான் ஆறாம் வகுப்பில் படித்த வருடம். தங்கச்சி சின்னப் பிள்ளை. காதுக்குள் புண் என்று ஊசி போட்டு வீட்டுக்கு வரும் வழியில், வாப்பாவின் தோளிலேயே அவள் முகம் வீங்கிக் கண் மூடிப் போனது, உதடு நீலமானது, வாப்பா வந்த வழியே திரும்பி ஓடியது. இனி இந்த ஊசி இவளுக்கு எந்தக் காலத்திலும் கூடாது என்று டொக்டர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டு உம்மாவின் தகரப் பெட்டிக்குள், பிறப்புச் சான்றிதழோடு இருந்தது. தங்கச்சியின் பெயரில்.

“இவக்கு அந்த ஊசி ஒத்து வராது மிஸ்ஸி” என்றேன்.

“அப்படியா?” அவர் நின்று மஞ்சள் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இஞ்ச அப்படி ஒண்டும் இல்லையே தம்பி. போன முறை இவக்கு இதே ஊசி பத்து நாள் போட்டிருக்கு. ஒண்டும் செய்யல்ல. நீங்க வேற மருந்தோட மாறி நினைக்கிறீங்க.”

அவர் சொன்னது சரி. அந்த அட்டைக்குரியவருக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது; மிஸ்ஸி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவளுடைய நல்ல கையைத் திருப்பும் அளவு நேரம். அந்த நேரத்துக்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்பது மட்டும் தெரியும். கொழும்பு. நிந்தவூர். மற்றப் பதினேழு வீடுகள். விறாந்தையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த ஹாஜியார். மேசையில் நான் அழகாக எழுதிய தாள். இவ்வளவையும் நினைக்க எனக்கு நேரம் இருந்தது. இதை நான் எழுதுவதும் அந்த நேரத்துக்காகத்தான்.

“மிஸ்ஸி, வேணாம். அது உம்மாட அட்டை” என்றேன். “இவ உம்மா இல்ல. மகள். எண்ட தங்கச்சி. பத்தொம்பது வயசு. பேர நான்தான் மாத்திச் சொன்னன்.”

வாட்டில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். மிஸ்ஸி ஊசியைத் தட்டில் வைத்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், டிக்கட்டில் இருந்த நாற்பத்தாறைப் பார்த்தார்.

“கட்டுப் போட்டு மற்றப் பக்கம் திரும்பிக் கிடந்த பிள்ளை, நான் வயசப் பாக்கல்ல” என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு என்னிடம்: “படிச்ச பிள்ளை போல இருக்கிறீங்களே தம்பி.”

நல்ல பேனை ஒன்றை எடுத்து டிக்கட்டில் உம்மாவின் பெயரை ஒரே கோட்டில் வெட்டினார். மேலே தங்கச்சியின் பெயரை எழுதினார். எங்கள் ஊரில் அவள் பெயர் ஒரு கடதாசியில் எல்லோரும் காண ஏறியது அப்போதுதான்.

விறாந்தைக்கு வந்தேன். ஹாஜியார் என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். தஸ்பீஹை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

“சொல்லிப் போட்டயா?”

“ஓம் ஹாஜியார்.”

 “போய் உம்மாவக் கூட்டிற்று வா” என்றார். “கார எடு.”

தங்கச்சி பிழைத்தாள். கொழும்பு செலவை ஹாஜியார் தன் கையால் கொடுத்தார், ஆறு மாதம். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கழுத்தும் தோளும் இறுகி, வலது கையை முழுதாகத் தூக்க ஏலாமல் வந்தாள். நிந்தவூரிலிருந்து, இப்போதைக்கு அவசரமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தால் கதையே இல்லை.

காரைதீவு ஏஜென்ட் ஒரு நாள் மில்லுக்கு வந்தார். பூட்டிக் கிடந்த பொயிலர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். என் கையெழுத்துள்ள தாளைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். அதன் குறுக்கே யாரோ சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

“ரத்துச் செஞ்சிட்டாங்க தம்பி. எல்லாருக்கும்” என்றார். “நான் அண்டைக்கே களத்தப் பாத்தன். கேட்டிருக்கணும். கேக்கல்ல.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பின் தொழில் கந்தோரிலிருந்து சரியான பட்டியல் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது, முந்தியதை விடக் கடுமையாக. ஒரு வருடம் கழித்து, சரியான பெயர்களோடு புதிதாக எடுக்க விடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். குழாயின் கழுத்தில் பழைய ஒட்டை வெட்டி எடுத்து, அக்கரைப்பற்றுப் பாஸ் வந்து புது ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார். குழாயையே மாற்ற வேண்டும் என்று அவரும் சொன்னார். கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறது, பாதை சரியாகத் திறந்ததும் வரும் என்றார் ஹாஜியார். அறுவடை நெல் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்த ஒரு வருடமும் முடிய, மில் திறக்கும் முன், நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இந்த முறை களத்துக்குப் போகவில்லை, உம்மாமாரிடம் போனேன். நடந்தது எல்லோருக்கும் தெரியும். தங்கச்சியின் கழுத்தை எல்லோரும் கண்டிருந்தார்கள். எதற்கு அந்தப் பெயர் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தத் தூரத்து மாமி எனக்குத் தேத்தண்ணி தந்து, கடைசி வரை இருந்து கேட்டார்.

“நீ செல்லுறது எல்லாம் சரிதான் மனே” என்றார். “ஆனா உண்ட தங்கச்சிட பேரு கடுதாசியில வந்திச்சு. மறுகா அவளுக்கு ஒரு பேச்சு வந்திச்சா?”

 கழுத்துக் காயத்தால்தான் வரவில்லை, பெயரால் அல்ல என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை.

“எண்ட பேரையே எழுது” என்றார் மாமி. “பத்திரமா இருக்கச் செல்லி மகளுக்குச் செல்லுறன்.”

பதினேழு வீட்டிலும் அதுதான். எழுத மாட்டேன் என்றேன். அப்படியென்றால் ஒன்றும் எழுதாதே என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பாயில் போட்டேன். தங்கச்சி இடது கையால் அதை எடுத்துப் பார்த்தாள். வெறும் தாள்.

“முதலாம் இலக்கம் ஆருக்கு?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் தரல்ல.”

“எண்ட பேர எழுது.”

உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “உனக்கு இனி என்னத்துக்குக் களம்? இந்தக் கையோட?”

“கிளறுறது காலாலதானே உம்மா” என்றாள் தங்கச்சி. “இடம் சும்மா கிடக்குது.”

உம்மா உள்ளே போனார். நான் எழுதினேன். ஒரு பெயர், வயது இருபது. அதற்குக் கீழே பதினேழு வரிகள் கோடு போட்டபடி வெறுமையாக இருந்தன. களத்துத் தாளில் ஒரே ஒரு பெயர் என்றால் கூட்டு இன்ஷுரன்ஸ் தர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை மில் திறந்தது. தங்கச்சி கழுத்து மறைய முக்காட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மற்றப் பதினேழு பேரோடு களத்தில் நின்றாள். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியவில்லை. பொயிலர்க்காரக் காக்கா வெந்து சுருங்கிய கையால் உமியை அள்ளிப் போட்டார். நெருப்புப் பிடித்தது. அவர் புது ஒட்டுக்கு நேரே காதைச் சாய்த்து நின்றார். நான் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் நின்றார். பிறகு என்னையும் களத்தில் நின்ற பதினெட்டுப் பேரையும் திரும்பிப் பார்த்தார். பிஸ்மி சொல்லி வால்வைத் திறந்தார்.